ஈரலில் தெரியும் வெள்ளைத் திட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "டாக்டர், ஈரலில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதாம், புற்றுநோயா?" என்று கேட்பவர்களை ரேடியாலஜி பிரிவில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி வழியாக மட்டுமே ரத்தம் வரும். ஈரலுக்கு இரண்டு வழி. ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. மீதி தமனி வழியே. சிடி ஸ்கேனில் ரத்தத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, சுமார் 35 நொடியில் ஒரு படம், 70 நொடியில் ஒரு படம், சில நிமிடம் கழித்து இன்னொன்று எடுப்போம். முதல் படத்தில் தமனி ரத்தம் அதிகம் வாங்கும் இடம் வெளுத்துத் தெரியும். இரண்டாவதில் போர்ட்டல் ரத்தமும் வந்து சேர்ந்து ஈரல் முழுக்க வெளுக்கும்.

சரி, போர்ட்டல் சிரையின் ஒரு கிளை ரத்தம் உறைந்து அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வறண்ட வயலுக்குக் கிணற்றிலிருந்து கூடுதலாக இறைப்பதுபோல, தமனி அந்தப் பகுதிக்கு அதிக ரத்தம் அனுப்பும். முதல் படத்தில் அந்தப் பகுதி மட்டும் பளிச்சென்று தெரியும். ஓரம் நேராக, ஆப்பு வடிவத்தில், அகன்ற பக்கம் ஈரலின் மேற்பரப்பைத் தொட்டபடி இருக்கும். உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் தம் பாதையிலிருந்து விலகியிருக்காது. 70ஆவது நொடியில் திட்டு பெரும்பாலும் மறைந்துவிடும்.

புற்றுக்கட்டி அப்படியல்ல. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நோய், உள்ளவரின் ஈரலில் அது பொதுவாக உருண்டையாக இருக்கும். முதல் படத்தில் வெளுக்கும், அப்புறம் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பைத்தான் தேடுவோம்.

திட்டு கட்டியில்லை என்றதும் படத்தை மூடிவிடவும் கூடாது. கிளை ஏன் அடைபட்டது? ஆப்பின் கூர்முனையில் சின்னக் கட்டி ஒன்று குழாயை அழுத்திக்கொண்டிருக்கலாம். அதனால் என் கண் முதலில் அந்த முனைக்குத்தான் போகும். பித்தப்பை அழற்சியிலும் அதை ஒட்டிய ஈரல் இப்படி வெளுப்பதுண்டு.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டான டாப்ளர் ஸ்கேனுக்கு ஊசியே வேண்டாம். போர்ட்டல் ரத்தம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அதிலேயே தெரியும். சிரோசிஸ் முற்றிய சிலருக்கு ரத்தம் ஈரலுக்குள் வராமல் எதிர்த்திசையில் திரும்பியிருப்பதையும் பார்க்கலாம்.

ஸ்கேனுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட்டோடு பழைய படங்களையும் கொண்டுவாருங்கள். அந்தத் திட்டு முன்பே இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்பதைப் படங்களை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.