கிரியேட்டின், காபின், பீட்டா அலனின்: ஒரே ஷேக்கரில் கலக்கலாமா?

கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கபடி ஆடுகிறேன். எடை 60 கிலோ. வே புரோட்டீன், கிரியேட்டின், பீட்டா அலனின், பிரீ ஒர்க்அவுட் நாலையும் ஒரே ஷேக்கரில் கலந்து ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் குடிக்கலாமா? சேர்ந்தால் பலன் கூடுமா?"

குடிக்கலாம், ஒன்றும் வெடித்துவிடாது. ஆனால் அந்த நாலில் மூன்று அன்றைய ஆட்டத்துக்கு உதவாது தம்பி.

முதலில் கிரியேட்டின், தசைக்குச் சட்டென்று சக்தி கொடுக்க உதவும் பொருள். மஞ்சளுக்கு உரம் வைத்த அன்றைக்கே கிழங்கு பெருத்துவிடுமா? தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்தால் தசையில் அது நிறைவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். எந்த வேளையில் எடுத்தாலும் சரிதான், விடாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். 30 விநாடி ரைடு, கொஞ்சம் மூச்சு, மறுபடி ரைடு என்று ஓடும் கபடிக்கு ஒத்துவருகிற பொருள் இது. ஆனால் தசையில் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ வரை எடை ஏறலாம். நீங்கள் 60 கிலோ பிரிவில் ஆடுகிறவர் என்றால் எடை பார்க்கும் இடத்திலேயே வெளியே நிற்க வேண்டியதுதான்! இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அப்புறம், ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் 'கிரியேட்டினைன்' (creatinine) அளவு கூடுதலாகக் காட்டலாம்.

தசை சீக்கிரம் சோராமல் இருக்க எடுக்கும் பீட்டா அலனினும் வாரக்கணக்கில் எடுத்தால்தான் பேசும். முகத்தில் ஊறுகிற மாதிரி இருப்பதைப் பார்த்து 'மருந்து ஏறிவிட்டது' என்று பையன்கள் நினைக்கிறார்கள். அது வெறும் ஊறல். ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் முழுமூச்சில் ஓடுபவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும். அந்தக் காசுக்கு நாமக்கல் முட்டை வாங்கலாம் என்பேன். பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடியான வே புரோட்டீன் சாப்பாட்டுக் கணக்கு, ஆட்டம் முடிந்து குடித்தால் போதும்.

அன்றைக்கே வேலை செய்வது பிரீ ஒர்க்அவுட்டில், அதாவது பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடியில், இருக்கும் காபின் ஒன்றுதான்; காபியில் இருக்கும் அதே பொருள். கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் உங்களுக்கு 180. பல பொடிகளில் ஒரு ஸ்கூப்பிலேயே 200 இருக்கிறது. அதன்மேல் வீட்டுக் காபி, மைதானத்தில் ஓர் எனர்ஜி டிரிங்க் என்று போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நம் ஊர் நோம்பி (திருவிழா) கபடியெல்லாம் ராத்திரி லைட் வெளிச்சத்தில்தானே நடக்கிறது? பத்து மணிக்குக் குடித்தால் மூன்று மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். மறுநாள் அரையிறுதி இருந்தால் தூக்கமில்லாமல்தான் ஆடுவீர்கள்.

எதுவானாலும் ஒவ்வொன்றாகப் பயிற்சியில் எடுத்துப் பாருங்கள். நாலையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிற்றைக் கலக்கியது எது என்றே தெரியாது.

மாநில அளவில் ஆடும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. காபின் 2004லிருந்து ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் பொடிக்குள் வேறு ஏதாவது கலந்திருந்து சோதனையில் சிக்கினால் பொறுப்பு ஆட்டக்காரருடையதுதான், கடைக்காரரைக் கைகாட்ட முடியாது. காபின் எத்தனை மில்லிகிராம் என்று போடாமல் 'புரொப்ரைட்டரி பிளெண்ட்' (கம்பெனியின் சொந்தக் கலவை) என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.