நட்சத்திரமெல்லாம் ஒரே கப்கேக்கில்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பண்டிகை விடுமுறையில் கப்கேக்கைக் குழந்தைகளுக்காகச் செய்வதா, குழந்தைகளோடு செய்வதா? 'ஆக' என்பது எதிரணி, 'ஓடு' என்பது எங்கள் அணி. நான்காம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் இன்று வழக்கு. நான்காம் வேற்றுமையில் குழந்தை கையை நீட்டி வாங்கிக்கொள்கிற ஆள். மூன்றாம் வேற்றுமையில் கூட நிற்கிற ஆள். என் வாதம் இவ்வளவுதான். மிச்ச நேரத்தை எதிரணிச் சகோதரிக்கே தருகிறேன், ஏனென்றால் அவர் ஒரு போடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"குழந்தைகளை வைத்துக்கொண்டு கப்கேக் செய்வது, கொட்டுகிற மழையில் சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல உவமைக்குத் தட்டத்தான் வேண்டும்.

தட்டி முடித்தாயிற்று, இப்போது அந்த உவமையைப் பிரித்துப் பார்ப்போம். மழையில் வெள்ளையடித்தால் சுண்ணாம்பு கரைந்து ஓடும், பட்ட பாடு மிஞ்சாது. குழந்தை கை வைத்தால் எது கரைந்து ஓடுகிறதாம்? மாவைக் கிண்டிக் கிண்டிக் கேக்கைக் கல்லாக்கிவிடும் என்றார். உண்மைதான், மறுக்க மாட்டேன். மாவில் ஈரம் சேர்ந்த பிறகு கிண்டக் கிண்ட, குளூட்டன் என்கிற இழுபடும் புரதம் வலுத்துவிடும், கேக் பூப்போல வராமல் ரப்பராக இழுக்கும். சரி, குழந்தையிடம் கரண்டியை எப்போது கொடுப்பது? மைதா, பேக்கிங் பவுடர், கோகோ, சிட்டிகை உப்பு, எல்லாம் உலர்ந்து கிடக்கும்போது கொடுங்கள். ஈரம் படாத மாவில் குளூட்டன் வலை பின்னாது. கை ஓயும் வரை கிண்டட்டும், ஒரு நஷ்டமும் இல்லை. அப்புறம் பாலும் முட்டையும் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரை நாம் நாலு கிளறு கிளறி நிறுத்தினால் முடிந்தது. மழை எப்போது பெய்யும் என்று தெரிந்தவருக்கு வெள்ளையடிப்பதில் என்ன கஷ்டம், சகோதரி?

முட்டை ஓடு மாவில் விழும் என்றார். நாங்கள் 'ஓடு' அணி, ஓட்டுக்கும் நாங்களே பொறுப்பு! முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைக்கச் சொல்லுங்கள். சில்லு விழுந்தால் உடைந்த பாதி ஓட்டாலேயே அள்ளினால் வந்துவிடும். விரல் வைத்தால்தான் நழுவிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் எதிரணியோடு நிற்கிறேன். பச்சை மாவை நக்க விடக்கூடாது. முட்டை மட்டுமல்ல, வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம். முட்டையைத் தொட்ட கையை உடனே கழுவ வேண்டும். கரண்டி நக்குகிற ஆசையா? வெண்ணெயும் அதைப்போல் இரண்டு பங்கு ஐசிங் சர்க்கரையும் அடித்த க்ரீம் இருக்கிறதே, அந்தக் கரண்டியைக் கொடுங்கள்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன விடுமுறை. மகளுக்கு ஐந்து வயது. அச்சில் பன்னிரண்டு காகிதக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் முக்கால் கூட இல்லாமல் மாவு. அடுப்பு 180 டிகிரி. இருபது நிமிட வேலை. நடுவில் கதவைத் திறந்தால் எழும்பிய கேக் குழிந்துவிடும் என்று சொன்னதும், ஓவனுக்குக் காவல் ஆள் போட்ட மாதிரி எட்டி உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்து, "எழும்புது, எழும்புது!" என்று அவளே நேரலை வர்ணனை.

குச்சி விட்டுப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. வெளியே எடுத்து வைத்தேன். உடனே க்ரீம் பூசணும் என்றாள். சூட்டோடு பூசினால் வெண்ணெய் உருகி வழிந்துவிடும், ஆறட்டும் என்றேன். ஐந்து வயதுக்கு 'ஆறட்டும்' என்பது எவ்வளவு நீளமான சொல் தெரியுமா, நடுவர் அவர்களே? என்ன செய்தாள் தெரியுமா? நாற்காலியில் ஏறி, புறங்கையை ஒவ்வொரு கேக் மேலும் வைத்துப் பார்த்தாள், நாம் அவள் நெற்றியில் வைப்போமே, அப்படியே. திரும்பி என்னிடம் சொன்னாள்: "அம்மா, இன்னும் காய்ச்சல் இருக்கு."

பன்னிரண்டு நோயாளிகள், ஒரு டாக்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரவுண்டு வந்தாள். ஓரத்தில் இருந்ததற்கு முதலில் விட்டது, நடுவில் இருந்ததற்குக் கடைசி வரை விடவில்லை. "இதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சுடுது" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வீடே அதிர ஓர் அறிவிப்பு: "எல்லாருக்கும் காய்ச்சல் விட்டுடுச்சு!" சகோதரி, உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கேக் தட்டில் வந்து சேர்கிறது. இந்த முக்கால் மணி நேரம் அதற்கு எங்கே கிடைக்கும்?

அடுத்து அலங்காரம். க்ரீமில் சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்து வைத்தேன். மேலே தூவ ஒரு சிறிய புட்டி நிறைய சர்க்கரை நட்சத்திரம், பன்னிரண்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். கதவு மணி அடித்தது. போய்விட்டு வந்தேன். பதினொரு கப்கேக் வெறும் க்ரீமோடு நிற்கிறது. பன்னிரண்டாவதில் க்ரீம் கண்ணுக்கே தெரியவில்லை. புட்டி காலி. ஒரு நட்சத்திரம் விடாமல் அத்தனையும் அந்த ஒன்றில், முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு.

கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் போடணும்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

சகோதரி கடைசியாக ஒன்று கேட்டார். "குழந்தை அலங்கரித்ததை விருந்தாளி முன்னால் வைக்க முடியுமா?" நியாயமான கேள்வி. வெட்டிப் பங்கு போடுகிற பெரிய கேக் என்றால் யோசிக்கலாம். கப்கேக் அப்படியில்லை. 1796-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு சமையல் நூலிலேயே, சிறு கோப்பைகளில் சுடுகிற கேக்குக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அன்று முதல் இன்று வரை கப்கேக்கின் அளவு ஓர் ஆள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு என்று தனித்தனியாக நிற்கும். அதில் யாருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. என் மகளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை என் அப்பா வந்தார். அவருக்குக் கண் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. வெளிச்சம், இருட்டு என்று மட்டும் தெரியும். பன்னிரண்டையும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தேன். அழகானதாகப் பார்த்து, சுருள் சுருளாக நான் க்ரீம் வைத்த நீலக் கப்கேக்கை அப்பாவின் கையில் கொடுக்கப் போனேன். மகள் குறுக்கே வந்து என் கையைத் தள்ளிவிட்டாள். தாத்தாவின் வலது கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலை அந்த நட்சத்திரக் குவியல் மேல் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க தாத்தா."

அவர் தொட்டார். விரல் ஒரு முனையில் பட்டது, அடுத்த முனைக்குப் போனது, சுற்றி வந்தது. "ஐந்து முனை இருக்கே... நட்சத்திரமா?" என்றார்.

"ஆமா. மத்ததுல எல்லாம் வெறும் கலர்தான். கலர் உங்களுக்குத் தெரியாதுல்ல? அதான் எல்லாத்தையும் இதுல வச்சேன்."

அவையோரே, என்னைப் பெற்ற அப்பா அவர். இரண்டு வருடமாக அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், கை பிடித்து மாடி ஏற்றுகிறேன். நான் அவருக்காக நீலம் கலந்து வைத்திருந்தேன். பார்க்க முடியாதவருக்கு நீலம்! தள்ளி நின்று செய்கிற என் கைக்கு வராத யோசனை, கூட நின்று மாவு கிண்டிய அந்தச் சின்னக் கைக்கு வந்திருக்கிறது. அவளை வெளியே உட்கார வைத்திருந்தால், பன்னிரண்டும் ஒரே மாதிரி, கச்சிதமாக, ஆளுக்கு நாலு நட்சத்திரத்தோடு வந்திருக்கும். அப்பாவும் "நல்லா இருக்கும்மா" என்று சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

அவர் அன்று உடனே சாப்பிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை தப்பும்போதெல்லாம் மகள் அவர் விரலைப் பிடித்து முதலில் கொண்டுபோய் வைத்தாள்.

இந்த விடுமுறைக்கு இரண்டு புட்டி நட்சத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.