தீர விசாரிக்கும் பொருளியல்

அவைத்தலைவர் அவர்களே, என்னை அழைத்த துறைத்தலைவர் அம்மா அவர்களே, பணி ஓய்வுக்குப் பிறகும் முன்வரிசையில் வந்து அமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்தும் பேராசிரியப் பெருமக்களே, பாடத்திட்டக் குழு உறுப்பினர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பொருளியல் ஓர் அறிவியலா? இதற்காக அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர், பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், இன்னொரு அறிவியல் தத்துவ அறிஞர் லக்கடோஸ் என்று மூவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்தச் சோதனையில் தோற்கும் என்று சொல்ல முடியாத கூற்று அறிவியல் ஆகாது என்றார் பாப்பர். ஒரு கோட்பாட்டின் அனுமானம் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைவிட, கணிப்பு பலிக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஃப்ரீட்மன், 1953இல். சரி, பலித்ததா என்று யார் பார்ப்பது? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2010இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரும் பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செலவைக் குறைக்க வேண்டும் என்றவர்களுக்கு அதுவே வேதவாக்கு ஆயிற்று.

அப்புறம், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர். வெளிவந்த கட்டுரை ஒன்றின் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது அவருடைய வகுப்புப் பாடம். அவர் எடுத்தது இந்தக் கட்டுரை. எத்தனை முறை போட்டாலும் கட்டுரையில் இருந்த விடை வரவில்லை. கட்டுரை எழுதியவர்களுக்கே எழுதிக் கேட்டார். எக்செல் கோப்பு வந்தது. திறந்தால், 49ஆம் வரிசை வரை போக வேண்டிய சராசரி 44லேயே நின்றிருக்கிறது! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கில் இல்லை. அது மட்டுமா? கடன் 90 சதவீதத்தைத் தாண்டியதாகக் கணக்கில் எடுத்த நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் சராசரியில் ஒரே எடை! தம் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013இல் அவர் திருத்திச் சொன்ன விடை, பிளஸ் 2.2 சதவீதம். எடை போட்ட முறைக்காக மூல ஆசிரியர்கள் வாதாடினார்கள். எக்செல் பிழையை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். கேட்டதும் கோப்பைக் கொடுத்தார்களே, அந்தப் பண்பை நான் வணங்குகிறேன். கொடுக்காமல் இருந்திருந்தால்? பாப்பரின் சோதனை அந்த வாசலிலேயே நின்றிருக்கும். தீர விசாரிப்பதே மெய். விசாரிக்கத் தரவு வேண்டாமா?

லக்கடோஸை இன்னொரு மேடையில் பார்ப்போம். பாடத்திட்டக் குழு ஐயா இங்கே இருப்பதால் கேட்கிறேன்: முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் வெளிவந்த அட்டவணை ஒன்றையாவது மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு மதிப்பெண் தர வேண்டும். ஆய்வேட்டோடு தரவுக் கோப்பையும் நூலகத்தில் வைக்க வேண்டும். இந்தக் கல்வியாண்டிலேயே இந்தத் துறையில் தொடங்குங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.