ஞாயிறு பள்ளியா, பெற்றோரா? பெற்றோர் அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட எதிரணிச் சகோதர சகோதரிகளுக்கும், சபையார் அனைவருக்கும் அன்பின் வணக்கம்.

"பிள்ளைகளின் விசுவாசம் வேர்பிடிக்க, சபை முதலில் பலப்படுத்த வேண்டியது ஞாயிறு பள்ளியையா, பெற்றோரையா?" இதுதான் தலைப்பு. நான் பெற்றோர் பக்கம். ஞாயிறு பள்ளியை இழுத்து மூடுங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து, எதிரணித் தலைவர் ஒரு பதிலைத் தயாராக எழுதி வைத்திருக்கிறார். முகத்திலேயே தெரிகிறது. ஐயா, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். தலைப்பில் 'முதலில்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. என் வழக்கு அதைப் பற்றியது.

அவர் பெரிய ஆயுதமாகச் சாமுவேலைக் கொண்டுவந்தார். "பால் மறந்த பிள்ளையை அன்னாள் ஆலயத்தில் கொண்டுவந்து விட்டாள். ஆலயம் வளர்த்தது. பிள்ளை தீர்க்கதரிசி ஆனான்." கைதட்டலும் வாங்கிவிட்டார். நடுவர் அவர்களே, அதே சீலோவில், அதே ஆலயத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஓப்னி, பினெகாஸ். அங்கே ஆசாரியனாயிருந்த ஏலியின் பிள்ளைகள். பலியும் பண்டிகையும் உடன்படிக்கைப் பெட்டியும் அவர்கள் கண்ணெதிரே இருந்தன. ஆலயச் சூழல் மட்டும் போதும் என்றால் இவர்கள்தான் முதல் மார்க் வாங்கியிருக்க வேண்டும். வேதம் கொடுத்த மார்க் என்ன? "அவர்கள் கர்த்தரை அறியவில்லை." ஏலியின் வீட்டுக்குத் தீர்ப்பு வந்தபோதும், பிள்ளைகளின் நடத்தை தெரிந்திருந்தும் "அவர்களை அடக்காமற்போன பாவம்" என்று தகப்பன் ஸ்தானத்தில் வைத்துத்தான் கர்த்தர் அவரைக் கணக்குக் கேட்டார்.

சாமுவேலுக்கு என்ன இருந்தது? பிறப்பதற்கு முன்பே அழுது ஜெபித்த தாய் இருந்தாள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தாள் என்று எழுதியிருக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பக்கத்தில் இல்லை. போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்கு ஆகாது. இந்நேரம் தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதிலேயே அளந்து தைத்திருக்கிறாள். அவளைக் கதையிலிருந்து கழித்துவிட்டு, ஆலயம் வளர்த்தது என்று முடித்துவிட்டார் நண்பர்.

அதோடு அவர் சாமுவேலின் முதல் புத்தகத்தை மூன்றாம் அதிகாரத்திலேயே நிறுத்திக்கொண்டார். எட்டாம் அதிகாரம் வரை வாசித்திருக்கலாம். அந்தச் சாமுவேல் பெரியவராகி, பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று வருஷந்தோறும் சுற்றிவந்து இஸ்ரவேலை நியாயம் விசாரித்தார். அவருடைய குமாரர் யோவேலும் அபியாவும் பொருளாசைக்குச் சாய்ந்து பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். காரணம் இன்னதென்று வேதம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சாமுவேலை இந்த மேடைக்கு அழைத்து வந்தால் அவர் முழுக் குடும்பத்தோடுதான் வருவார்.

சரி, ஞாயிறு பள்ளி எதற்காகப் பிறந்தது? 1780இல் இங்கிலாந்தில், குளோஸ்டர் நகரத்தில், பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, ஏழாம் நாள் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் வேதத்தை அறியவும் ஒரு வழி செய்தார். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது. மகத்தான ஊழியம், மறுக்கவே இல்லை. இன்று நடப்பது என்ன? வேதம் வாசிக்கத் தெரிந்த, ஜெபிக்கத் தெரிந்த, சபைக் கமிட்டியில்கூட இருக்கிற பெற்றோர், கணக்குக்கு டியூஷன் அனுப்புகிற மாதிரி விசுவாசத்துக்கு ஞாயிறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கொண்டுபோய் விட்டாயிற்று, கூட்டிக்கொண்டு வந்தாயிற்று, கடமை முடிந்தது.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு எட்டு வயதுப் பிள்ளை கேட்கிறது: "அப்பா, தாத்தாவுக்காக நாம எல்லாரும் ஜெபம் பண்ணினோமே. அப்புறம் ஏன் தாத்தா செத்துப் போனாங்க?" அப்பாவுக்குத் தொண்டை அடைக்கிறது. இறந்தது அவருடைய அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை டீச்சர்கிட்ட கேளுப்பா, இப்போ தூங்கு" என்கிறார்.

அந்த டீச்சர் யார்? கல்லூரியில் படிக்கிற பெண். முன்னால் முப்பது பிள்ளைகள். நோவாவின் பேழைக்கு வண்ணம் தீட்டுகிற நேரத்தில், பச்சை பென்சில் யாருக்கு என்று ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. தாத்தாவின் மரணத்தை அந்தப் பெண் எந்த மூலையில் வைத்துப் பேசுவாள்? ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பிள்ளை அந்தக் கேள்வியை மறந்திருக்காது, கேட்பதைத்தான் விட்டிருக்கும். "எனக்கும் புரியலப்பா. நானும் அதைத்தான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். வா, ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம்" என்று அந்த அப்பா சொல்லியிருக்கலாம். அவர் சோம்பேறி அல்ல, அவருக்குப் பயம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். பதில் தெரியாத அப்பாவும் ஜெபிக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உபாகமம் ஆறாம் அதிகாரம் எந்த நேரத்தில் பேசச் சொல்கிறது? "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்." இந்த நான்கில் ஒரு நேரத்திலாவது ஞாயிறு பள்ளி ஆசிரியை பக்கத்தில் இருப்பாரா? (வாரத்தில் எத்தனை மணி நேரம், அதில் சபைக்கு எத்தனை என்ற கணக்கை நான் போடப் போவதில்லை. எல்லா மேடையிலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.)

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி கேட்டார்: "பெற்றோருக்கே வேதம் தெரியாது. அவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்?" நியாயமான கேள்வி. இதே நிலைமையை 1528இல் ஜெர்மனியில், சாக்சனியின் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போன திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் கண்டார். பத்துக் கட்டளை தெரியாது, கர்த்தருடைய ஜெபம் தெரியாது. சில இடங்களில் போதகருக்கே தெரியாது. அவர் என்ன செய்தார்? அடுத்த வருஷம், 1529இல், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். சுவரில் மாட்டும் தாள்களாகவே அது முதலில் அச்சாகி வந்தது. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய முறை என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே குறிப்பிட்டார். தெரியாதவன் கையிலிருந்து வேலையைப் பிடுங்கவில்லை. தெரியாதவன் கையில் கருவியைக் கொடுத்தார். சகோதரி சொன்ன நோய் சரி. மருந்தைத்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொல்கிறார்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டரில் போதகராயிருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர். திங்களும் செவ்வாயும், காலையிலிருந்து கிட்டத்தட்ட இரவு வரை, அவரும் உதவியாளரும் வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார்கள். திருச்சபை எல்லையில் இருந்த குடும்பங்கள் 800க்கு மேல். வருஷத்தில் ஒரு சுற்று. அவர் அங்கே போனபோது ஒரு தெருவில் ஏறக்குறைய ஒரு குடும்பம்தான் வீட்டில் ஆராதனை செய்துகொண்டிருந்ததாம். அவர் புறப்படும்போது, சில தெருக்களில் ஆராதனை செய்யாத வீட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது. அவரே எழுதி வைத்திருக்கிறார். நன்றாகப் பிரசங்கிக்கத் தெரிந்த மனிதர்தான். ஆனாலும் பிரசங்கம் கேட்டுவிட்டுப் போகிறவன் வீட்டில் போய் என்ன செய்கிறான் என்று நேரில் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

இங்கே எங்கள் அணியிலேயே சிலர் அவசரப்படுவார்கள்: "அப்படியென்றால் பெற்றோரைக் கண்டிக்க வேண்டியதுதானே?" அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1647இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை குடும்ப ஆராதனைக்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. வீட்டில் ஆராதனை நடத்தாத குடும்பத் தலைவனை முதலில் தனியாகப் புத்தி சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் மூப்பர்கள் கண்டிக்க வேண்டும். அப்புறமும் திருந்தாவிட்டால் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டும். அதை இன்று அமல்படுத்தினால், அடுத்த திருவிருந்தில் போதகரும் கோயில் பணியாளரும் மட்டும் மிஞ்சுவார்கள். போதகரைக்கூட நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே குற்ற உணர்வில் இருக்கிற பெற்றோரை இன்னும் கொஞ்சம் குற்ற உணர்வு எழுப்பிவிடாது.

பின்னே சபை எப்படித்தான் உற்சாகப்படுத்துவது? ஞானஸ்நானத்திலோ குழந்தைப் பிரதிஷ்டையிலோ கைக்குழந்தையோடு நிற்கிற தாய் தகப்பனைப் பார்த்து, "இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்குள் வளர்ப்பீர்களா?" என்று கேட்கிறோம். "வளர்ப்போம்" என்கிறார்கள். போட்டோ எடுக்கிறோம். அடுத்து சபை அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மூன்று நான்கு வயதில், ஞாயிறு பள்ளியில் பெயர் சேர்க்கும்போது. இடையில் அந்த வீட்டுக்கு எத்தனை பேர் போனார்கள்? வாக்குறுதி வாங்கியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. முதல் பிள்ளை பிறந்த வீட்டில்தான் பழக்கங்கள் உருவாகின்றன. பிள்ளை வளர்த்து அனுபவப்பட்ட ஒரு தம்பதியை அந்த வீட்டோடு இணைத்துவிடுங்கள். உபதேசம் வேண்டாம். குழந்தையைத் தொட்டிலில் போடும்போது தலையில் கை வைத்து இரண்டு வரி ஜெபிப்பதைச் செய்து காட்டினால் போதும்.

'செய்து காட்டுவது' என்று சொல்லக் காரணம் உண்டு. "குடும்ப ஜெபம் செய்யுங்கள், செய்யுங்கள்" என்று எத்தனை பிரசங்கம்! எப்படி என்று யாராவது காட்டியிருக்கிறோமா? ஜனவரி முதல் தேதி அப்பா ஆவேசமாக ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறார். தினம் ஒரு முழு அதிகாரம். லேவியராகமத்தில் குஷ்டரோகம் வருகிற இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. அம்மா ஜெபிக்கிறார்: "ஆண்டவரே, இந்தப் பையனுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும். மொபைலைக் கீழே வைக்கிற ஞானத்தைத் தாரும்." பையன் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்கிறான். கண்ணை மூடிக்கொண்டே திட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? "பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" வளருங்கள் என்று பவுல் பிதாக்களுக்கு எழுதினார், மாதாக்களும் வாசிக்கலாம். ஆகவே மாதம் ஒருமுறை பெற்றோரைக் கூட்டி, ஒரு குடும்பத்தை முன்னால் உட்கார வைத்து, பத்தே நிமிடம் நடத்திக் காட்டுங்கள். ஐந்தாறு வசனம், பிள்ளைக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு நன்றி, கர்த்தருடைய ஜெபம். முடிந்தது. சின்னப் பிள்ளை நடுவில் எழுந்து ஓடட்டும். அப்போது அந்த அப்பா என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கத்தான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறோம்.

ஞாயிறு பள்ளியையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன், எதிரணி சந்தோஷப்படட்டும். அன்றைய பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியைப் பெற்றோருக்கு அனுப்புங்கள். "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "இயேசு" என்று பதில் வரும். எந்தக் கேள்விக்கும் அதைச் சொன்னால் பாதி மார்க் நிச்சயம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "சகேயு வீட்டுக்கு இயேசு போனப்போ ஜனங்க ஏன் முணுமுணுத்தாங்க? நீ அங்க இருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டுப் பாருங்கள். வீடு போய்ச் சேரும்வரை பேச்சு ஓடும்.

"பெற்றோருக்கு நேரம் எங்கே?" என்றார் மூன்றாவது பேச்சாளர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லிக்குப் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் பத்துப் பேர். வாரத்தில் ஒவ்வொரு மாலையும் இன்ன பிள்ளைக்கு என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகும் அந்த வியாழன் மாலையை நினைத்து ஏங்கித் தாய்க்குக் கடிதம் எழுதினார். ஆனால் சூசன்னாவைச் சொல்லி இன்றைய தாய்மாரை நான் மிரட்டப் போவதில்லை. வேறொன்று கேட்கிறேன். பெற்றோரின் நேரத்தை எடுத்துக்கொண்டது அலுவலகம் மட்டும்தானா? செவ்வாய் பாடகர் பயிற்சி, புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசம், சனி கமிட்டி. "குடும்பமாக ஜெபியுங்கள்" என்று அறிவித்துவிட்டு, குடும்பம் கூடுகிற ஒவ்வொரு மாலையையும் சபையே வாங்கிக்கொண்டால் அவர்கள் எங்கே போவார்கள்? வாரத்தில் ஒரு மாலையைச் சபை நாட்காட்டியில் காலியாக விட்டு, 'வீட்டில் இருங்கள்' என்று அச்சடியுங்கள். அதைவிடப் பலமான பிரசங்கம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, எதிரணியின் மிக நல்ல வாதம். "பெற்றோரே விசுவாசிக்காத வீடுகளின் கதி என்ன?" பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். விசுவாசம் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்றுதான் பவுல் எழுதுகிறார். அரை வீடு போதுமாயிருந்தது. அந்த அரை வீடும் இல்லாத பிள்ளை ஒன்று நம் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஆசிரியை மட்டும் போதாது. விசுவாசிக்கிற ஒரு குடும்பம் அந்தப் பிள்ளையை வாரத்தில் ஒரு மாலை தங்கள் வீட்டுக்கு அழைத்து, சாப்பாட்டுக்கும் ஜெபத்துக்கும் உட்கார வைக்க வேண்டும். அப்படி அழைத்துப்போக ஜெபம் நடக்கிற வீடு சபையில் முதலில் இருக்க வேண்டுமே. அந்த வீட்டை ஞாயிறு பள்ளி எப்படி உண்டாக்கும் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் நடுவரிடம் விளக்கட்டும். நன்றி.