கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்

நடுவர் அவர்களே, உவர்மலையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வானொலிப் பயிற்சியா, தொலைக்காட்சி வெளிச்சமா? இதுதான் இன்றைய வழக்கு. நான் வானொலிப் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "சன் டிவி இல்லையென்றால் பாட்டுக்குப் பாட்டை யார் பார்த்திருப்பார்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பார்த்திருக்க மாட்டார்கள், சரி. கேட்டிருப்பார்கள் ஐயா! கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்! கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடச் சொல்லி ஹமீத் நடத்திய அந்தப் போட்டி நிகழ்ச்சி பிறந்த வீடே இலங்கை வானொலி. சன் டிவி 1993இல்தான் தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோதே தமிழ்நாட்டுக்காரர்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். இலங்கை வானொலியின் முன்னோடி அறிவிப்பாளர் மயில்வாகனம் போன்றவர்கள் பிடித்து வைத்த காதுகள் அவை. அந்த வரிசையில் வந்தவர் ஹமீத்.

என் அப்பா திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்தவர். கிழிந்த வலையைத் தைக்கும்போது பக்கத்தில் பொலித்தீன் பையில் சுற்றிய சின்ன ரேடியோ ஒன்று பாடிக்கொண்டிருக்கும். கண்ணும் கையும் வலையில். காது மட்டும்தான் சும்மா இருக்கும். ரேடியோவில் இரண்டு மூன்று விநாடி சத்தம் இல்லையென்றால் போதும், பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து அதை ஒரு தட்டுத் தட்டுவார். அறிவிப்பாளர்கள் தொழில் பழகியது இப்படிப்பட்டவர்களுக்காக. மேடையில் நிற்பவர் யார், சிரிக்கிறாரா, பதறுகிறாரா, எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும். 'ழ' பிசகினால் அதை மறைக்க நல்ல சட்டையோ, அலங்கார விளக்கோ அங்கே இல்லை. 'ப' என்று ஊதிச் சொன்னால் மைக்கில் வெடிச் சத்தம் கேட்கும்.

அந்தப் பழக்கத்தோடுதான் அவர் கமராவுக்கு முன்னால் வந்தார். எழுத்தைக் கொடுத்துவிட்டு, போட்டியாளர் பாடும்போது ஒவ்வொரு சொல்லையும் கவனிப்பார். மறந்த சொல்லை எடுத்துக் கொடுப்பார், பிழையாகப் பாடினால் நோகாமல் திருத்துவார். நானும் வானொலி கேட்டு வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன்: அந்த நிதானம் ஒப்பனை அறையில் கிடைக்கிற பொருள் இல்லை.

தொலைக்காட்சி அவர் முகத்தை உலகத் தமிழருக்குக் காட்டியது. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் இலங்கையின் அரசுத் தொலைக்காட்சி ரூபவாஹினி 1982இல் வந்ததிலிருந்து எத்தனை முகங்கள் மீது அதே வெளிச்சம் விழுந்தது! எவ்வளவு அழகான முகங்கள்! அவர்களில் எத்தனை பேரின் பெயர் இந்த மண்டபத்தில் நமக்கு நினைவிருக்கிறது?

எதிரணித் தலைவரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போய், பழைய பாட்டுக்குப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு ஹமீதின் குரலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். எதில் நிகழ்ச்சி மிச்சம் இருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள். நன்றி, அமர்கிறேன்.