எந்த பல்பீர் சிங்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இந்திய ஹாக்கியில் என்னை அதிகம் இழுத்த ஒரு விஷயம். பழைய ஸ்கோர் விவரங்களில் 'பல்பீர் சிங்' என்று பார்த்தால், அவர் எந்த பல்பீர் சிங்?

முதலில் எல்லோருக்கும் தெரிந்தவர், பல்பீர் சிங் சீனியர். 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக் தங்கம். 1952 ஹெல்சின்கி இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றோமே, அதில் ஐந்து கோல் இவருடையது. 1956-ல் கேப்டனும் இவர்தான். 'சீனியர்' என்றதும் ஜூனியர் இவருடைய மகன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஜூனியர் 1932-ல் சன்சார்பூரில் பிறந்த வேறொருவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணியில் ஆடியவர். உறவே கிடையாது.

அப்புறம் வருகிறது 1968 மெக்சிகோ ஒலிம்பிக். வெண்கலம் வென்ற அந்த ஒரே அணியில் மூன்று பல்பீர் சிங்! ரயில்வே, ராணுவம், பஞ்சாப் போலீஸ் என்று வேலை பார்த்த இடத்தை வைத்துத்தான் பிரித்துச் சொன்னார்கள். அந்த ஒரு போட்டிக்குள் இது நன்றாகவே உதவும். ஆனால் அதையே எல்லா ஆண்டுக்கும் நீட்டினால் சிக்கல். சீனியரும் பஞ்சாப் போலீஸில் இருந்தவர்தானே!

சரி, ஊரை வைத்துப் பிரிக்கலாமா? 1968 அணியின் போலீஸ்காரர், ராணுவத்துக்காரர் இருவருமே சன்சார்பூர். ஜூனியரும் அதே ஊர். ஜலந்தர் பக்கத்துச் சின்ன கிராமம், ஒலிம்பிக் வீரர்களை வரிசையாக அனுப்பிய ஊர். அங்கே குலார் என்ற குடும்பப் பெயரும் நிறையப் பேருக்கு உண்டு, அதனால் அதை மட்டும் நம்பியும் பயனில்லை.

மறைந்த ஆண்டும் குழப்பும். போலீஸ் பல்பீர் சிங் குலார் 2020 பிப்ரவரியில் காலமானார், சீனியர் அதே ஆண்டு மே மாதம். ஜூனியர் 2021-ல்.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஆண்டும் போட்டியும். அதற்குப் பிறகுதான் அணி, பிறந்த ஆண்டு, ஊர். இவற்றில் குறைந்தது இரண்டு விவரங்களாவது பொருந்தாமல் ஒரு பதக்கத்தை யார் பெயரிலும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐந்து கோல் அடித்த ஒருவரின் புகழ் பெரியதுதான். ஆனால் 1968-ல் வெண்கலம் வென்ற அந்த மூவரும் தனித்தனி மனிதர்கள். பெயர் ஒன்று என்பதற்காக அவர்களின் உழைப்பு சீனியரின் பட்டியலில் கரைந்துபோவது அநியாயம்.

உதம் சிங் விஷயமும் இப்படித்தான். மூன்று தங்கம், ஒரு வெள்ளி வென்ற ஹாக்கி வீரரும் சன்சார்பூர்க்காரர்தான். 1940-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் உதம் சிங் வேறு. இந்த ஹாக்கி வீரர் தன் முதல் தங்கத்தை வென்றதே 1952-ல்தான், ஆண்டைப் பார்த்தாலே போதும்.