வளையத்துக்குக் கீழே ஒரு தொழில்

வணக்கம் நேயர்களே. வலைப்பந்தாட்டம், அதாவது நெட்போல், என்றதும் உங்களில் பலருக்குப் பாடசாலை மைதானம்தான் ஞாபகம் வரும். கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், கெட்டிக்காரப் பிள்ளை என்றால் தேசிய மட்டம், பிறகு உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.), அதோடு சரி. பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கியவள் என்ற முறையில் எனக்கு நெடுநாளாக இருக்கிற கவலை, அந்த 'அதோடு சரி'யைப் பற்றித்தான். இதைத் தொழிலாகவே செய்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று இன்று கொஞ்சம் பேசலாம்.

தர்ஜினி சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உயரம் 2.08 மீற்றர், பழைய கணக்கில் 6 அடி 10 அங்குலம். எங்கள் வீட்டு வாசல் நிலை அநேகமாக அவ்வளவுதான் இருக்கும். இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை 2009இலும் 2018இலும் 2022இலும் வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்று கோல் போட்டவர் அவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில், 40 வயதில், 348 கோல்கள் போட்டார். அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு போடவில்லை. இலங்கை வந்தது 15ஆம் இடம், கோல் கணக்கில் முதலிடம் எங்கள் பிள்ளைக்கு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அவ்வளவு உயரம் இருந்தால் யாரும் போடலாம்தானே." இதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுக்காது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தர்ஜினி கையை உயர்த்தினாலும் அது எட்டாது. கூடைப்பந்தில் மாதிரிப் பின்பலகை கிடையாது, அதில் பட்டு உள்ளே விழட்டும் என்று எறிய முடியாது, பந்து மேலிருந்து வளையத்துக்குள் நேராக இறங்க வேண்டும். பந்து கைக்கு வந்தால் 3 விநாடிக்குள் அது கையை விட்டுப் போக வேண்டும். தடுக்கிறவர் 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்க வேண்டும், ஆனால் கையை நீட்டலாம். சரி, இவ்வளவு உயரமானவர் பந்தைத் தலைக்கு மேலே பிடித்துவிட்டார் என்றால் தடுக்கிறவரின் கையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மை. அதனால்தான் எதிரணி அவர் கைக்குப் பந்தே வராமல் பார்த்துக்கொள்ளும். முன்னுக்கு ஒருத்தி, பின்னுக்கு ஒருத்தி, நடுவில் இவர். இடித்தால் மத்தியஸ்தர் விசில் ஊதுவார், இடிக்காமல் இடத்தையும் விடாமல் நிற்க வேண்டும். காலை அகட்டி, முழங்காலை லேசாக மடித்து, முதுகால் பின்னுக்கு நிற்பவளை உணர்ந்துகொண்டு, முழு ஆட்டமும், 15 நிமிடப்படி 4 கால்பகுதியும், அப்படி நின்று பாருங்கள். உயரமான உடம்புக்கு இது இரட்டிப்பு வேலை, ஏனென்றால் உயரமானவரின் சமநிலையைக் குலைப்பது சுலபம்.

அதோடு பந்து எறிகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளை யாரும் பேசுவதில்லை. வளையத்துக்கு முன்னால் கோடு போட்டிருக்கிற அரைவட்டத்தின் விளிம்பில் நிற்கிற விங் அற்றாக் (பக்கவாட்டில் தாக்குகிறவள்), சென்டர் (நடு ஆட்டக்காரி), இவர்கள் அதே 3 விநாடிக்குள் பந்தை உயர்த்தி எறிய வேண்டும். ஒரு சாண் குறைந்தால் முன்னுக்கு நிற்பவள் தட்டிவிடுவாள், ஒரு சாண் கூடினால் பந்து கோட்டுக்கு வெளியே. 348 கோல் என்றால் அப்படி நூற்றுக்கணக்கான எறிகள் சரியாக வந்திருக்கின்றன என்று அர்த்தம். உயரத்தைக் கடவுள் கொடுக்கலாம். அங்கே நிற்கிறதையும் அங்கே எறிகிறதையும் பழகித்தான் எடுக்க வேண்டும். இதை நான் இன்னும் பத்துத் தரம் சொல்லத் தயார்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். எங்கள் நாட்டில் நல்ல வீராங்கனைக்கு வங்கியில் வேலை கிடைக்கும், அல்லது இராணுவம், விமானப்படை, பொலிஸ் எடுத்துக்கொள்ளும். பகலில் வேலை, பின்னேரம் பயிற்சி. தர்ஜினி அவுஸ்திரேலியாவுக்குப் போய் விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு விளையாடினார், எங்கள் நாட்டுப் பிள்ளை ஒன்றுக்கு அது பெரிய வாசல். அதற்கு மேல் இருக்கிற, அவுஸ்திரேலியா முழுவதுக்குமான சூப்பர் நெட்போல் லீக்தான் உலகத்திலேயே கடினமானது. அங்கே 8 அணிகள், அணிக்கு 10 பேர் ஒப்பந்தத்தில், மொத்தம் 80 இடங்கள். அந்த 80இல் வெளிநாட்டு சூட்டர்களும், அதாவது கோல் போடுகிறவர்களும், வந்து இருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்து 1.98 மீற்றர் உயரமான ஜனீல் ஃபௌலர் முதலில் நியூசிலாந்துக்குப் போனார், பிறகு பேர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் ஃபீவருக்கு வந்து, 2022இல் அந்த அணி முதன்முதலாகக் கிண்ணம் எடுத்தபோது அதில் இருந்தார்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்காதீர்கள். 2023 ஓகஸ்டில் கேப் டவுனில் அவுஸ்திரேலியா உலகக் கிண்ணத்தை வென்றது. அடுத்த மாத முடிவோடு லீக் வீராங்கனைகளின் ஒப்பந்தம் முடிந்தது, புதியது கையெழுத்தாகவில்லை, பல வாரங்கள் சம்பளமே இல்லை. உலகச் சம்பியன்கள் வீட்டு வாடகையை யோசித்துக்கொண்டு இருந்தார்கள்! லீக்கின் வருமானத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள், விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள், டிசம்பரில்தான் உடன்பாடு வந்தது. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இல்லை, அந்த வழியால் வருகிற அரசாங்கப் பணமும் விளம்பரமும் இதற்குக் குறைவு, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே பெற்றோரே, மகள் விளையாட வேண்டும் என்றால் படிப்பை விடச் சொல்லி நான் சொல்லவே மாட்டேன். நியூசிலாந்துக்கு விளையாடிய ஐரீன் வான் டைக், உலகமே கொண்டாடிய சூட்டர், பாடசாலை ஆசிரியையும்தான். ஆனால் பரீட்சை முடிந்த அன்றைக்கே அவளுடைய சப்பாத்தை எடுத்து வீட்டு மூலையில் போடாதீர்கள். தர்ஜினியின் 348 கோல் 40 வயதில் வந்தது, 18 வயதில் நிறுத்தியிருந்தால்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. காயங்களைப் பற்றியும், பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் நிறையச் சொல்ல இருந்தேன். ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்கிறேன், பயிற்றுநர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் ஓடி வந்து சட்டென்று நிற்க வேண்டும், அதில்தான் முழங்கால் தசைநார் அறுகிறது. பந்து கொடுக்க முதலே பிள்ளைகளுக்குக் குதித்து இறங்கப் பழக்குங்கள், இரண்டு காலிலும், முழங்காலை மடித்து, முழங்கால் உள்ளே சாயாமல். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் 10 நிமிடம். சீமெந்துத் தரையில் வேண்டாம். நன்றி, வணக்கம்.